பந்தைத் தொடாத ஐந்து பேர்

இதைத் தட்டெழுதப் போகிற பிள்ளை முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எங்கே சின்ன ‘ர’ வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. ஏன் நின்றது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அதே வருடம்தான் நின்றது. எழுத்துப் பிழைகளை எல்லாம் திருத்திவிடுங்கள். சொல்லியிருக்கும் விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

நமது ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஐம்பதாவது ஆண்டு மலருக்குக் கனடா வாழ்க்கையைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் தம்பி வைகாசி மாதமே கேட்டிருந்தார். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன். எழுதுவது அதைவிடக் கூச்சம். ஏதேதோ சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டேன். போன மாதம் அவர் மறுபடி அழைத்தார். மலர் அச்சுக்குப் போகப்போகிறது என்றார். தொலைபேசியை வைக்கும் முன் குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

“அண்ணை, உங்கட மோன் படிப்பை விட்டிட்டுச் செக்கியூரிட்டி வேலைக்குப் போறாராம் எண்டு இஞ்சை கதைக்கினம். பறவாயில்லை அண்ணை. எல்லாராலையும் படிக்கேலுமே?”

அந்தப் ‘பறவாயில்லை’தான் என்னைப் பேனாவோடு உட்கார வைத்தது.

செக்கியூரிட்டி வேலை குறைவானது என்று நான் சொல்ல வரவில்லை. வந்த புதிதில் இரண்டு குளிர்காலம் நானே அந்த வேலை செய்தவன். ஆனால் என் மகன் அதைச் செய்யவில்லை. அவன் செய்வது என்ன என்பதை எழுதுகிறேன்.

1

பிழை என் மேல்தான். ஆடி மாதம் ஸ்காபரோவில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடு. மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நம் ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பெயர் வேண்டாம்.

“மூத்தவன் என்ன செய்யிறான்?”

“யூனிவேர்சிற்றியிலை கார்ட்டா நிக்கிறான் அண்ணை.”

“எத்தினை மணித்தியாலம்?”

“பின்னேரத்திலை ரெண்டரை மணித்தியாலம் பழக்குவினம். சனிக்கிழமைதான் மெயின்.”

“இரவிலை இல்லைத்தானே? இரவெண்டால் கரைச்சல்.”

“ஒண்டு ரெண்டு இரவிலையும் வரும். லைற் போட்டிருப்பினம்.”

“லைசென்ஸ் எடுத்திட்டானோ?”

காவல் வேலைக்கும் இங்கே லைசென்ஸ் வேண்டும் என்பதை மறந்து, கார் ஓட்டும் லைசென்ஸைக் கேட்கிறார் என்று நினைத்தேன். “ஓம், போன வருசமே எடுத்திட்டான்” என்றேன்.

அவர் என் தோளில் தட்டினார். “ஏதோ, வீட்டிலை கிடக்காமல் ஒரு இடத்திலை நிக்கிறான்தானே. அது போதும்.”

பாராட்டுகிறார் என்று எண்ணிக்கொண்டு நான் இன்னொரு கரண்டி பாயாசம் போட்டுக்கொண்டேன். இரண்டு கிழமை கழித்துத் தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கப் போன என் மனைவி சாந்திக்கு, கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் வைத்து ஒரு பெண் ஆறுதல் சொல்லியிருக்கிறார். சாந்தி வீட்டுக்கு வந்து பைகளைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“இஞ்சாருங்கோ, உங்கட வாயாலை என்ன சொல்லித் துலைச்சனீங்கள்?”

அப்போதே அந்த மனிதரை அழைத்துத் திருத்தியிருக்கலாம். செய்யவில்லை. எப்படித் தொடங்குவது என்று யோசித்தே ஒரு மாதம் போனது. அதற்குள் கதை கடல் தாண்டி உங்களிடம் வந்துவிட்டது.

2

இங்கே ‘புட்போல்’ என்றால் நாம் விளையாடிய உதைபந்து அல்ல. பந்து முட்டை போல இருக்கும். பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். பந்து வைத்திருக்கும் அணி பத்து யார், அதாவது முப்பது அடி, முன்னே போக வேண்டும். அதற்கு மூன்று தவணை. மூன்றாவது தவணையில் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். பேச்சுக்கு மூன்று, கையில் இருப்பது இரண்டு. இந்த நாட்டில் பல விஷயம் எனக்கு விளங்க வருடக்கணக்கானது. இது உடனே விளங்கியது.

பந்தை எறிகிறவன் ஒருவன், அதைக் கொண்டு ஓடுகிறவன் ஒருவன், தூரத்தில் நின்று பிடிக்கிறவர்கள் சிலர். சனம் கத்துவது இவர்களுக்காக. இவர்களுக்கு முன்னால் ஐந்து பேர் கையை நிலத்தில் ஊன்றிக் குனிந்து நிற்பார்கள். நடுவில் நிற்பவன் பந்தைக் காலுக்கிடையால் பின்னுக்குக் கொடுப்பான். அதோடு அவனுக்கும் பந்துக்கும் உள்ள உறவு முடிந்தது. மற்ற நால்வரும் பந்தைத் தொடுவதே இல்லை. எதிரே பாய்ந்து வருகிறவனை அப்புறப்படுத்துவதுதான் இந்த ஐந்து பேரின் வேலை. நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்களுக்குக் கார்ட் என்று பெயர். என் மகன் நிதுசன் இடது பக்கக் கார்ட். வேதியியல் இரண்டாம் வருடம் படிக்கிறான். படிப்பை விடவில்லை.

அந்த வேலையை ‘புளொக்’ பண்ணுவது என்கிறார்கள். நான் அதை மனதுக்குள் ‘மறிப்பது’ என்று மொழிபெயர்த்து வைத்திருந்தேன். கிளித்தட்டில் தாச்சி மறித்து வளர்ந்தவர்கள்தானே நாம். கோட்டில் நின்று கையை விரித்து, வருகிறவனைத் தாண்ட விடாமல் வைத்திருப்பது. முதல் ஆட்டத்தில், என் சுபாவத்தையும் மீறி, எழும்பி நின்று “மறியடா தம்பி, மறி” என்று கத்தினேன். திரும்பிப் பார்க்காதவர்கள் இல்லை. அன்று தோற்றார்கள். காரில் வரும்போது நிதுசன் கேட்டான்.

“அப்பா, என்ன சொல்லிக் கத்தினீங்கள்?”

“மறி எண்டு.”

“மறி எண்டால் ஸ்ரொப் தானே?”

“ஓம்.”

“நோ அப்பா. ஸ்ரொப் பண்ணினா நாங்கள் லூஸ். நான் நிண்டால் அவன் என்னைத் தாண்டிப் போவான். வீ ஹாவ் ரு மூவ் தெம். அவன் நிக்கிற இடத்திலை இருந்து அவனை எடுக்கோணும்.”

சிக்னல் பச்சையாகும் வரைக்கும் நான் ஒரு சொல்லைத் தேடினேன்.

“விலத்து” என்றேன்.

“வாட்?”

“சனம் நிறைஞ்ச பஸ்ஸிலை ஆக்களை விலத்திக்கொண்டு இறங்கிறமே, அது.”

“யா. அது. விளத்து.”

ளகரத்தை நான் திருத்தவில்லை. ஆனால் அந்தச் சொல் அன்று முழுவதும் எனக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. என் வயதுக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த சொல். வீதியில், வரிசையில், வண்டி வரும்போது, பெரிய மனிதர் வரும்போது, நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொல். அதையே ஒரு வேலையாக, சொல்லிக் கொடுத்துப் பழக்குகிற வித்தையாக நான் எண்ணிப் பார்த்ததில்லை.

3

மகன் என்னை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்பதை ஒரு படிவம் காட்டித் தந்தது. அணியில் சேரும்போது, அடிபட்டால் யாரை அழைப்பது என்று ஒரு தாள் தந்தார்கள். என் பெயர், தொலைபேசி இலக்கம் எழுதினேன். அடுத்த கட்டத்தில் ‘மாணவருடன் உள்ள உறவு’ என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. நான் யோசித்து ‘குட்’ என்று எழுதிவிட்டேன்.

நிதுசன் அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “அப்பா, ஃபாதர் எண்டு எழுதோணும்.”

“ஏன், குட் இல்லையோ?”

அவன் சிரிப்பை நிறுத்தி, தாளை வாங்கி, வெட்டி எழுதினான்.

என் வேலை உங்களில் சிலருக்குத் தெரியும். பிறம்ரனில் உள்ள ஒரு களஞ்சியத்திலிருந்து பிரிட்ஜ், அடுப்பு, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் ஆகியவற்றை வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிற வேலை. பத்தொன்பது வருடமாகிறது. பெரிய பிரிட்ஜ் ஒன்றை ஒடுங்கிய படிக்கட்டால் ஏற்றுவதற்குப் பலம் மட்டும் காணாது. முழங்காலை மடித்துப் பெட்டியின் பாரத்துக்குக் கீழே போக வேண்டும். கை இரண்டும் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். விரித்துப் பிடித்தால் தோள் போய்விடும். முதல் அடி சின்ன அடியாக இருக்க வேண்டும். பிறகு கால் நிற்கக் கூடாது. நின்றால் பெட்டியும் நின்றுவிடும். நின்ற பெட்டியைத் திரும்ப நகர்த்த இரண்டு மடங்கு பாடுபட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பிழைதான் விடுவார்கள்: முதலில் நிமிருவார்கள், பிறகு தள்ளுவார்கள்.

நாலாவது ஆட்டத்தில் அதே பிழையை நான் மைதானத்தில் கண்டேன். அதுவரைக்கும் மற்றச் சனத்தைப் போல நானும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எறிகிறவன் சரியில்லை என்று எல்லாரும் ஏசினார்கள். நானும் மனதுக்குள் ஏசினேன். அவனை மாற்றி வேறு ஒருவனைப் போட்டார்கள். பிறகு மூன்றாவது ஒருவனைப் போட்டார்கள். புதுப்புது வித்தைகள் காட்டினார்கள்: ஓடுவது போலக் காட்டி எறிவது, எறிவது போலக் காட்டி ஓடுவது. ஒன்றும் சரிவரவில்லை. அன்று மழைத் தூறலில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் மகனை மட்டும் பார்ப்போம் என்று தீர்மானித்தேன். அவன் நிமிர்ந்தான், பிறகு தள்ளினான். பக்கத்தில் நின்றவனும் நிமிர்ந்தான். ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள். எதிரே வந்தவர்கள் கீழால் புகுந்து இவர்களை மல்லாத்திவிட்டு எறிகிறவனிடம் போனார்கள். அவன் பயத்தில் கண்டபாட்டுக்கு எறிந்தான். அவனை ஏசி என்ன செய்வது? அவனுக்கு மூச்சு விட நேரமில்லை.

அதற்கு மேலாக, நிதுசன் இரண்டு தரம் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். தள்ளலாம், பிடிக்கக் கூடாது என்பது சட்டம். பிடித்தால் பத்து யார் பின்னுக்கு. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் அவன் இலக்கத்தைச் சொல்லி ஏசினார். நான் கண்ணாடியை மறுபடி துடைத்தேன்.

4

அடுத்த நாள் ஞாயிறு. மிசிசாகாவில் சாந்தியின் மூத்த அண்ணன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. எங்களைப் பொறுப்பேற்றுக் கனடாவுக்கு எடுத்தவர் அவர். முறைக்கு மச்சான் என்றாலும் நான் ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர். இருபத்திநாலு வருடத்தில் அவர் சொல்லுக்கு நான் மறுசொல் சொன்னதில்லை.

“எத்தினை மச் வெண்டனீங்கள்?” என்று நிதுசனைக் கேட்டார்.

“சீரோ, மாமா.”

“நீ எத்தினை தரம் பந்து பிடிச்சனீ?”

“நான் பிடிக்கிறேல்லை. நான் லைன்.”

“பிடிக்கிறேல்லை, எறியிறேல்லை, ஓடுறேல்லை. வேலிக் கதியால் மாதிரி நிக்கிறதுக்கோ யூனிவேர்சிற்றிக்குப் போனனீ?”

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நிதுசனுக்குக் கதியால் என்றால் என்னவென்று தெரியாது. தன் தாயிடம் மெல்லக் கேட்டான். வேலியில் நடுகிற தடி என்று அவள் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகுதான் மச்சான் விஷயத்துக்கு வந்தார். அவருடைய நண்பருக்கு மிசிசாகாவில் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஆய்வுகூடம் ஒன்று இருக்கிறது. வேதியியல் படிக்கிற பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். ஓர் இடம் நிதுசனுக்காகச் சொல்லி வைத்திருக்கிறார். சனிக்கிழமைதான் ஆட்டமும். இரண்டும் சேர்ந்து நடக்காது.

“நாளைக்கு இல்லை, அதுக்கடுத்த திங்கள் பின்னேரத்துக்குள்ளை எனக்கு ஒரு முடிவு சொல்லும், யோகன். உந்தப் பந்து விளையாட்டை விடச் சொல்லும்.”

“அண்ணை சொல்லுறது சரிதானே” என்றாள் சாந்தி. முதல் ஆட்டத்தில் நெரிந்த நிதுசனின் சுண்டு விரலில் இன்னும் கட்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

நிதுசன் என்னைப் பார்த்தான். நான் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன். “யோசிச்சுச் சொல்லுறம் அண்ணை” என்றேன்.

காரில் அவன் ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னான்: “மாமா சொல்றது ரைற்றா இருக்கலாம் அப்பா. நோபடி ஈவின் சீஸ் அஸ்.”

யாரும் எங்களைப் பார்ப்பதே இல்லை என்கிறான். சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் கைவிட்டுக்கொண்டிருந்தான்.

5

புதன்கிழமை இறக்கல் வேலை வேளைக்கு முடிந்தது. வீட்டுக்குப் போகாமல், வேலை உடுப்போடேயே அவர்கள் பழகுகிற மைதானத்துக்குப் போனேன். இதில் ஏதாவது இருக்கிறதா, அல்லது மச்சான் சொன்னதுதான் சரியா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்போல இருந்தது. வேலிக்கு வெளியே நின்றேன்.

முன்வரிசைப் பெடியள் ஒரு மூலையில் தனியாக நின்றார்கள். அங்கே பந்தே இல்லை. நெஞ்சளவு உயரத்தில் ஒரு கம்பிக் கூரை. நான்கு கால் ஊன்றிய கோழிக்கூடு போல. அதற்குக் கீழே குனிந்து நின்று, விசில் ஊதியதும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். ஓர் அடிதான். நிமிர்ந்தால் தலைக்கவசம் கம்பியில் ‘டங்’ என்று அடிக்கும். திரும்பப் பழைய இடத்துக்குப் போக வேண்டும். விசில். டங். விசில். டங். நிதுசனுடைய டங்கை நான் எண்ணத் தொடங்கி, வெட்கத்தில் விட்டுவிட்டேன்.

அரை மணித்தியாலம் ஓர் அடி. பிறகு இரண்டு அடி. பிறகு கை: முழங்கை விலாவோடு ஒட்ட, பெருவிரல் மேலே பார்க்க, எதிராளியின் நெஞ்சுக்குள் வைப்பது. பிறகு கனமான இரும்புச் சட்டகம் ஒன்றை விசில் ஊதும்வரைக்கும் கால் நிற்காமல் தள்ளுவது. பெடியள் முகத்தில் வெறுப்பு எழுதி ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் படித்ததைத் திரும்பப் படிக்க வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

முன்வரிசையைப் பழக்குகிற கோச் என்னைக் கண்டுவிட்டு வேலியடிக்கு வந்தார். நரைத்த தாடி, பெரிய வயிறு. சாமான் இறக்க வந்தவன் என்று நினைத்து, வாசல் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார்.

நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “நோ டெலிவரி. ஐ ஆம் ஃபாதர்” என்றேன்.

“யாருடைய?”

“கார்ட். லெஃப்ற்.”

அவர் சிரித்து, வேலிக்கு மேலால் கையைக் கொடுத்தார். எனக்காக மெதுவாகப் பேசினார். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். எல்லாரும் தன்னிடம் புதுத் திட்டம் கேட்கிறார்கள் என்றார். திட்டம் ஒரு புத்தகம் நிறைய இருக்கிறது. எந்தத் திட்டமும் இந்த ஐந்து பேரின் முதல் அடியில்தான் தொடங்குகிறது. அந்த அடி பிழைத்தால் அதற்குப் பிறகு எழுதியிருப்பதை யாரும் வாசிக்கவே போவதில்லை. சட்டையைப் பிடித்து இழுப்பது கையின் பிழை அல்ல, காலின் பிழை என்றார். கால் பிந்துகிறது, பிந்தினவன் பிடிக்கிறான்.

எனக்கு இந்தக் கடைசி வசனத்துக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

நான் கேட்டேன்: “மை சன், குட்?”

அவர் மழுப்பவில்லை. “ஐந்து பேரில் போன கிழமை அவன்தான் மோசம்” என்றார். பிறகு, “இந்தக் கிழமை காலால் கேட்கத் தொடங்கியிருக்கிறான்” என்றார்.

வீட்டுக்குக் கார் ஓடும்போது எனக்குக் கோபம் வந்தது. கோச்சின் மேல் அல்ல. என் மேல். ஞாயிற்றுக்கிழமை நான் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்ததன் மேல்.

6

சனிக்கிழமை ஐந்தாவது ஆட்டம். பாதி நேரத்துக்குள்ளேயே அவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்குப் பின்னால் இருந்தார்கள். சனம் எழும்பிப் போகத் தொடங்கியது. நான் இறங்கி முன் இருக்கை வாங்குக்குப் போனேன்.

மூன்றாம் கால் பகுதியில் வித்தைகள் நின்றுபோயின. இடது பக்கத்தால் ஓட்டம். நாலு யார். திரும்ப இடது பக்கத்தால். ஐந்து யார். மறுபடியும் அதே. எதிரணிக்கு எங்கே வரப்போகிறது என்று தெரியும். என்னைப் போல ஆங்கிலம் தெரியாதவனுக்கே தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நான் பந்தைப் பார்க்கவில்லை. நிதுசனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன அடி. அடுத்த அடி. முதுகு தாழ. எதிரே நின்றவன் அவனைவிடக் கனமானவன். இரண்டு தரம் அவனை விழுத்தினான். மூன்றாம் தரம் நிதுசன் கீழால் போனான், கால் நிற்கவில்லை, அந்தப் பெரிய உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நகர்ந்தது. அது விட்டுப் போன இடைவெளியால் பந்தோடு ஒருவன் போனான்.

மைதானத்தின் நீளம் முழுவதையும் அப்படித்தான் நாலு நாலு யாராகக் கடந்து, கடைசிக் கோட்டைத் தாண்டினார்கள். ஒலிபெருக்கி ஓடினவனின் பெயரை மூன்று தரம் சொன்னது. ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, ஓரத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்கள்.

ஆட்டம் தோல்விதான். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

காரில் ஏறி அவனோடு நெடுஞ்சாலைக்கு வந்தேன். பிறகு, “மண்டே மாமாக்கு என்ன சொல்லப் போறீங்கள்?” என்றான்.

“நீ என்ன சொல்லுறாய்?”

“ஐ வான்ற் ரு ஸ்ரே.”

“தமிழிலை சொல்லு. நான் அதை அப்பிடியே சொல்லவேணும்.”

“நான் விடேல்லை” என்றான்.

‘விடமாட்டேன்’ என்று சொல்ல வந்தவன் ‘நான் விடவில்லை’ என்று சொல்லிவிட்டான். பிழையான தமிழ். எனக்கு அதைவிடச் சரியான தமிழ் தெரியாது.

7

திங்கள் பின்னேரம் மச்சானை நான்தான் அழைத்தேன். அழைப்பதற்கு முன் கார்த் தரிப்பிடத்தில் நின்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

“அண்ணை, நிதுசன் சனிக்கிழமை அங்கை வரமாட்டான்.”

“ஏன், சுகமில்லையோ?”

“சுகமாத்தான் இருக்கிறான். விளையாட்டை விடேல்லையாம்.”

“அவன் சொல்லுறான், நீரும் தலையை ஆட்டுறீர். தோத்துப்போற கூட்டத்திலை நிண்டு என்னத்தைக் கிழிக்கப் போறான்?”

“அஞ்சு பேரிலை அவன்தான் மோசம் எண்டு கோச்சே சொன்னவர் அண்ணை. இப்பதான் முதல் அடி பழகிறான். அதாலைதான் விடேலாது.”

“யோகன், உங்களை நான் இஞ்சை எடுத்தது பிள்ளையளைக் கதியாலா நடுறதுக்கில்லை.”

இதற்கு நான் பயிற்சி எடுத்து வைத்திருக்கவில்லை. தானாக வந்தது.

“நான் இவ்வளவு காலமும் கதியாலாத்தான் அண்ணை நிண்டனான். என்ரை வேலி விழேல்லை.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். இன்றுவரை என்னுடன் பேசவில்லை. சாந்தி மூன்று நாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வேறு அறைக்குப் போனாள். அண்ணன் செய்த நன்றியை மறந்துவிட்டேன் என்றாள். மறக்கவில்லை. அவர் எங்களை இங்கே எடுத்தது நன்றி. என் மகன் எங்கே நிற்க வேண்டும் என்பது வேறு கதை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி என் வாயில் இவ்வளவு காலமும் அடைத்து வைத்திருந்தவன் நான்தான். அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆறாவது ஆட்டமும் தோல்வி. ஏழாவது வெற்றி. புதிதாக ஒரு திட்டமும் இல்லாமல், அதே இடது பக்க ஓட்டம், வலது பக்க ஓட்டம், இடையில் ஓர் எறிதல். எறிகிறவன் யார் தெரியுமா? எல்லாரும் ஏசிக் கலைத்த முதலாமவன்தான். நிற்க நேரம் கிடைத்ததும் அவனுக்குக் கண் தெரியத் தொடங்கிவிட்டது.

கடைசி ஆட்டத்துக்குச் சாந்தி தானாகவே வெளிக்கிட்டாள். இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு, மடியில் குடையை வைத்துக்கொண்டு, எனக்கும் தனக்கும் இடையில் ஓர் ஆள் இருக்கிற இடம் விட்டு இருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

“எங்கட பிள்ளை எது?”

“அறுபத்திநாலு.”

அவன் விழும்போது சால்வையை வாயில் வைத்துக்கொள்வாள். எழும்பினதும் எடுப்பாள். அன்றைக்கு முன்வரிசையின் இடது ஓரத்தில் புதிய பெடியன் ஒருவனைப் போட்டிருந்தார்கள். மூன்றாம் கால் பகுதியில் ஓர் ஓட்டம் தொடங்கின இடத்திலேயே முடிந்தது. சனம் எறிகிறவனைப் பார்த்துக் கூக்காட்டியது. சாந்தி இடையில் இருந்த இடத்தைத் தாண்டி நகர்ந்து வந்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இஞ்சாருங்கோ, உவன் ஏன் உப்பிடிக் கெதியா நிமிருறான்?”

“ஆர், நிதுசனோ?”

“எங்கட பிள்ளை இல்லை. எங்கட பிள்ளை குனிஞ்சுதான் போகுது. பக்கத்திலை நிக்கிறவன். உவன் நிமிர்ந்தால் பிள்ளை ஒருத்தனா என்ன செய்யும்? உவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லையோ?”

அந்த மைதானத்தில் இருந்த அத்தனை சனமும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி பார்க்கவில்லை.

அன்றும் தோற்றோம். இதை அப்படியே அச்சிடுங்கள். அடுத்த வருடமும் அவன் அந்த இடத்தில்தான் நிற்பான். நாங்கள் இருவரும் போவோம். பறவாயில்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ரொறன்ரோ,
குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்த ஞாயிற்றுக்கிழமை,
2024 கார்த்திகை (நவம்பர்) 3.